மாமரம் ஏன் ஒரு வருஷம் சும்மா நிற்கிறது? கருதுகோள் போட்டிக்கு அணியைத் தயார் செய்யும் விதம்

விடை தெரியாத ஓர் அறிவியல் கேள்வியை எடுத்து, நாலு மாணவர்கள் சேர்ந்து ஒரு கருதுகோள் சொல்ல வேண்டும். இப்படியொரு போட்டிக்கு முதல்முறை பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது கருந்துளையை எடுத்துக்கொண்டோம். படம் பிரமாதம், பேச்சும் பிரமாதம். நடுவர் ஒன்றுதான் கேட்டார்: "நீங்க சொல்றது தப்பா இருந்தா, அது எப்படித் தெரியவரும்?" நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் நான் வானத்துப் பக்கம் போவதே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் கேள்வி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்புக்கா பஞ்சம்? அல்போன்சா, பங்கனப்பள்ளி மரங்கள் ஒரு வருஷம் காய்த்துத் தள்ளும். மறு வருஷம் வெறும் இலையோடு நிற்கும். நீலம் அவ்வளவு அடம்பிடிக்காது. ஏன் இப்படி? ஆராய்ச்சிகள் ஏராளம், முழு விடை இன்னும் இல்லை. தருமபுரி டவுனுக்குள் தோப்புக்கு எங்கே போவது என்பவர்களுக்கு ஃப்ரிட்ஜ் போதும். 1963ல் தான்சானியாவில் ம்பெம்பா என்ற பள்ளி மாணவர், சூடான ஐஸ்கிரீம் கலவை ஆறிய கலவைக்கு முன்பே உறைந்ததைக் கவனித்தார். 1969ல் அது கட்டுரையாகவும் வந்தது. அப்படி ஒரு விளைவே இல்லை என்று 2016ல் இன்னொரு கட்டுரை வந்தது. சண்டை ஓயவில்லை, தாராளமாக எடுக்கலாம்.

கேள்வி கிடைத்ததும் ஒரே கருதுகோளைக் கட்டிக்கொண்டு அழக்கூடாது. ஒன்றுக்கொன்று போட்டியாக இரண்டாவது வேண்டும். மாமரத்துக்கு முதல் கருதுகோள் தோப்புக்காரர்கள் சொல்வதேதான்: "போன வருஷம் காய்ச்சதுல சத்து தீர்ந்துபோச்சு." சேமித்த மாவுச்சத்து காலி என்று அர்த்தம். இரண்டாவது, காய்க்குள் இருக்கும் விதை ஜிப்ரெலின் என்ற ஹார்மோனைச் சுரந்து, மொட்டைப் பூவாக விடாமல் தளிராக்கிவிடுகிறது என்பது. பூக்க வைக்க வேரில் ஊற்றுகிற பேக்லோபியூட்ரசால் இந்த ஜிப்ரெலின் உற்பத்தியைத்தான் தடுக்கிறது. ஆகவே இரண்டாவதும் லேசுப்பட்டதல்ல.

அடுத்தது நேரில் பார்ப்பது. இதில் அவசரப்படாதீர்கள். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் மாமா தோப்புக்கு அனுப்பினேன். போன வருஷம் காய்த்த கிளைகளில் பழைய காம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இருபதுக்குச் சிவப்புத் துணி, காய்க்காத இருபதுக்கு வெள்ளைத் துணி. தை மாதம் ஓடிவந்தாள். "மிஸ், ஒரே மரத்துல கிழக்குப் பக்கம் பூவா கொட்டிக் கிடக்கு, மேற்குப் பக்கம் ஒண்ணுமே இல்ல. செவப்புத் துணி எல்லாம் மேற்குலதான் இருக்கு."

மரம் முழுக்கப் பட்டினி என்றால் பாதி எப்படிப் பூக்கும்? ஒரே வீட்டில் அண்ணன் தம்பி தனிக்கணக்கு வைத்தமாதிரி, ஒவ்வொரு கிளைக்கும் தனிக்கணக்கு போலிருக்கிறது. பிள்ளைகள் முதல் கருதுகோளை அந்த இடத்தில் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தை அழிக்காமல் சார்ட்டில் அப்படியே காட்டச் சொன்னேன்.

இப்போது இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தேட வேண்டும். காய்க்காத கிளையில் பாதி இலையைப் பறித்துவிட்டால்? சத்துதான் காரணம் என்றால் அது பூக்காது. விதைதான் காரணம் என்றால், அங்கே விதையே இல்லை, பூக்க வேண்டும். சோதனையைச் செய்து முடிக்க ஒரு வருஷம் ஆகும், போட்டி அதுவரை நிற்காது. எது நடந்தால் நம் கருதுகோள் விழும் என்று முன்கூட்டியே எழுதிக் காட்டினால் போதும்.

ஒத்திகைக்கு ஒரு வழி. சர்வதேச இளம் இயற்பியலாளர் போட்டியில் ஓர் அணி சொல்லும், இன்னொன்று குறை கண்டுபிடிக்கும், மூன்றாவது இருவரையும் எடைபோடும். அதைக் காப்பியடித்து, நாலு பேரில் ஒருவரை எதிர்க்கட்சி ஆக்கிவிடுங்கள். வாயாடிப் பிள்ளைதான் இதற்குத் தோது. பவர்பாயிண்ட் அலங்காரமெல்லாம் கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் எதிர்க்கட்சிக்கே தோன்றாத ஒன்றை நடுவர் பிடித்தார்: "இலைதானம்மா பூக்கச் சொல்ற சேதியை மொட்டுக்கு அனுப்புது. இலையைப் பறிச்சா அதுவும் போயிடுமே?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "அது எங்களுக்குத் தோணலைங்க சார். அப்ப பறிக்காம, பாதி இலைக்குச் சாக்கு கட்டி வெயில் படாம வெச்சுப் பார்க்கலாம். சத்து குறையும், இலை இருக்கும்."

மாமாவிடம் சாக்குக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ஐப்பசிக்குள் கட்டிவிட வேண்டும். மார்கழியில் மொட்டு வந்துவிடும்.