கோதுமை ஆகாதவர்கள் யாழ்ப்பாணம் போகுமுன்

சீலியாக் நோய் என்பது, கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளுட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய். அது உள்ள நம்மவர்கள் பலர், "ஊரில் அரிசிச் சாப்பாடுதானே, பயமில்லை" என்று நம்பிப் புறப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த நம்பிக்கை மத்தியானச் சோற்றோடு முடிந்துவிடும். காலையும் இரவும் கோதுமை மாதான்.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மாவோடு அவிச்ச கோதுமை மாவைக் கலப்பார்கள். சில வீடுகளில் அரிசியே இருக்காது. தோசைக்கு உழுந்தோடு அதைக் கரைப்பதும் உண்டு. கடை அப்பத்திலும் சேரும். பனங்காய்ப் பணியாரத்தில் பனங்களியோடு குழைப்பது கோதுமை மாவைத்தான். குரக்கன் புட்டு என்று தனியாகக் கேட்டு வாங்கினாலும், உதிரியாக வர வேண்டுமென்று கொஞ்சம் கலந்திருப்பார்கள். உழுந்து வடையில் மா இல்லாவிட்டாலும், கோதுமை மாவில் சுற்றிய ரோல்ஸும் மிதிவெடியும் பொரித்த எண்ணெயில்தான் அதுவும் பொரியும். சோயா மீற், சோயா சோஸ், பெருங்காயத் தூள் மூன்றுக்கும் பைக்கற்றைத் திருப்பி வாசியுங்கள். நெஸ்டமோல்ட், ஹோர்லிக்ஸ் பார்லியில் செய்தவை, வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் விடக் கடினம், உறவினருக்கு விளங்கவைப்பது. மா சாப்பிடக் கூடாது என்றால் ஊரில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் போகுமுன் சின்னம்மாவுக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். போய் இறங்கினால் எனக்கென்று தனியாக ஆட்டா மா ரொட்டி சுட்டு வைத்திருக்கிறார். "இது டொக்டர்மாரே சாப்பிடச் சொல்லுறது தம்பி." ஆட்டாவும் கோதுமைதான், தவிட்டோடு அரைத்தது என்றேன். "ஒரு துண்டு என்ன செய்யும்?" என்றார். நான் தொடவில்லை. திண்ணையில் இருந்த மாமா, "கனடாக்காரருக்கு எங்கட சாப்பாடு இப்ப ஒத்துவராதாம்" என்று ஒழுங்கைக்குக் கேட்கச் சொன்னார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. சின்னம்மா அன்றிரவு என்னோடு பேசவில்லை.

அடுத்த நாள் விடிய, தானே அரிசி இடித்து வறுத்து, அரிசி மா மட்டும் போட்டுப் புட்டு அவித்துத் தந்தார். உண்மையாகவே ஒரு கரண்டி கோதுமையும் போடவில்லை. ஆனால் அவித்தது, வருடக்கணக்காகக் கோதுமைப் புட்டு அவித்த அதே நீத்துப்பெட்டியில். ஓலைப் பின்னலுக்குள் ஏறிய மா எத்தனை கழுவினாலும் போகாது. குளுட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்போகாமல் இருந்தால்தான் ஓர் உணவைக் குளுட்டன் இல்லாதது என்று சொல்லலாம் என்பது சர்வதேச அளவுகோல். அந்தப் பெட்டிக்குள் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? ஐயர் வந்து திவசம் தொடங்கியபோது நான் கிணற்றடிக்கும் கழிவறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். தர்ப்பையைத் தம்பிமுறையான ஒருவன் போட்டுக்கொண்டான்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்தது சின்னம்மா. நான் காசு அனுப்பினேன், அவ்வளவுதான். இடம்பெயர்ந்த காலங்களில் நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவில்தான் அவர்கள் நாட்களைக் கடத்தினார்கள். நான் அப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருந்தேன். அந்த மாவை நஞ்சு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். "சீனி வருத்தம் இல்லை, கோதுமை துளி பட்டாலும் என்ரை குடல் புண்ணாகும்" என்று இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். வீட்டில் யார் சமைக்கிறாரோ அவரிடம் சொல்ல வேண்டும், தொலைபேசியை எடுப்பவரிடமல்ல. கடையில் அவிச்ச மா, அமெரிக்கன் மா (வெள்ளைக் கோதுமை மா), ஆட்டா மா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இறங்கிய அன்றே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் புது நீத்துப்பெட்டி, இடியப்பத் தட்டு, அரிதட்டு வாங்கி, உங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அரிசியை மில்லில் அரைக்கக் கொடுக்காதீர்கள், அங்கே எல்லா மாவும் ஒரே இயந்திரத்தில்தான் போகும்.

சிவப்பரிசிச் சோறு, மீன்குழம்பு, சொதி, சம்பல், அவித்த மரவள்ளி, பனங்கிழங்கு, எள்ளுருண்டை எல்லாம் வீட்டில் பயமில்லாமல் சாப்பிடலாம். காயவைத்த பனங்கிழங்கான ஒடியலில் காய்ச்சும் கூழும் அப்படித்தான். அதற்கு ஒடியல் மாவை நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூழ் காய்ச்சுவதைச் சின்னம்மாமாரிடம் விட்டுவிடுங்கள்.