பழைய பூங்காவை மீட்கும்போது செய்யக்கூடாதவை

தர்மபுரியில் பாழடைந்த பூங்காவைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் யோசனை கேட்டு வருகிறார்கள். குப்பை அள்ளுவது, நகராட்சியில் எழுத்து மூலம் அனுமதி வாங்குவது எல்லாம் அவர்களுக்கே தெரியும். மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்.

முதல் வேலையாகப் புல்தரை

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். காசு கைக்கு வந்ததும் கொரியன் புல் பதிக்கிறார்கள், திறப்பு விழா போட்டோவில் பச்சையாகத் தெரிய வேண்டுமாம். சித்திரை வெயிலில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளைக்கு 5 லிட்டராவது வேண்டும். 10 சென்ட் என்றால் சுமார் 400 சதுர மீட்டர், தினமும் 2,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஆறே நாளில் காலி. போர்வெல் வற்றும் மாதத்தில் அந்தத் தண்ணீரை யார் தருவார்கள்?

ஒரு பூங்காவில், புல்லில் சருகு விழுகிறது என்று பெரிய புங்கமரத்தையே வெட்டிவிட்டார்கள். மத்தியானம் அதன் அடியில் துண்டை விரித்து ஆடுபுலி ஆடிய பெரியவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார்கள். புல்லைச் சுற்றிக் கயிறு, ‘மிதிக்காதீர்கள்’ என்று போர்டு. பங்குனி முடிவதற்குள் புல் வைக்கோலாகி, அடியில் செம்மண் வெடித்துக் கிடந்தது. மரமும் போச்சு, புல்லும் போச்சு.

இருக்கிற மரத்திலிருந்து தொடங்குங்கள். மதியம் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே பெஞ்சு போடுங்கள். புதுசாக நட வேம்பு, புங்கன், பூவரசு போதும். ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும்.

அடிமரம் வரை பேவர் பிளாக்

மழைத் தண்ணீர் வேருக்கு இறங்காது. மரத்தைச் சுற்றி மண் தெரியட்டும்.

போர்வெல்லில் குடிநீர்க் குழாய்

நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! பிள்ளைகள் விளையாடிவிட்டு ஓடி வந்து வாய் வைக்கும் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர்தான் வர வேண்டும். போர்வெல் செடிகளுக்கு.

கழிப்பறையை அப்புறம் பார்ப்பது

பெண்கள் வர மாட்டார்கள்.

மொத்தப் பணத்தையும் கட்டுமானத்தில் போடுவது

நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். சரி, வேலை நடந்துவிடும். தோட்டக்காரர் சம்பளமும் மோட்டார் ரிப்பேரும் மாதாமாதம் யார் கணக்கில்? வேலை தொடங்கும் முன்பே அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சாயந்திரம் ஆறு மணிக்கே பூட்டு

கடை, ஆபீஸ் வேலை முடிந்து வருகிறவர்கள் வருவதே அதற்குப் பிறகுதான். விளக்குப் போட்டு எட்டரை வரைக்கும் திறந்து வையுங்கள்.