அரிசிக் கஞ்சியில் நொதியத்தின் வேலையைக் காண்பது எப்படி

சமிபாட்டுத்தொகுதியின் படத்தை வரைந்து, உறுப்புகளைப் பெயரிட்டு, உணவை உடைக்கும் புரதங்களான நொதியங்களின் அட்டவணையை மனனம் செய்துவிட்டால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் வாயில் மாப்பொருளை வெட்டத் தொடங்கிய உமிழ்நீர் நொதியமான அமைலேசு, இரைப்பைக்குள் போனதும் ஏன் வேலையை நிறுத்திவிடுகிறது என்று கேட்டால், அட்டவணையைப் பார்த்து விடை சொல்ல முடியாது. அந்த விடையைக் கண்ணால் காண்பதற்கு ஆய்வுகூடம் கட்டாயமில்லை. வன்னியில், சோதனைக்குழாய்கள் கூடப் போதியளவு இல்லாத வகுப்பறைகளில் நான் செய்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். இதை வீட்டுக் குசினியிலும் அப்படியே செய்யலாம்.

தேவைப்படுபவை அரை தேக்கரண்டி பச்சையரிசி மா, நான்கு சிறிய கண்ணாடிக் குவளைகள், வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, சிறிது வினாகிரி, சிறிது அப்பச்சோடா, காயத்துக்குப் பூசுவதற்கு மருந்துக்கடையில் விற்கும் பழுப்பு நிற அயடீன் மருந்து ஆகியவை மட்டுமே. அயடீன் மருந்தில் சில துளிகளை எடுத்து, பால் சேர்க்காத மெல்லிய தேநீரின் நிறம் வரும்வரை தண்ணீரில் ஐதாக்கிக்கொள்ளுங்கள். கிணற்று நீர் சுண்ணாம்புத்தன்மை மிக்கதாயின் அது வினாகிரியின் புளிப்பைச் சற்று முறித்துவிடும் என்பதால், பிடித்து வைத்த மழைநீரைப் பயன்படுத்துவது நல்லது.

முதலில் கஞ்சி. மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, 200 மில்லிலீற்றர் அளவு நீரில் ஊற்றி, கொதித்துக் கண்ணாடி போலாகும்வரை துழாவி, வெள்ளைத் துணியில் வடித்துக்கொள்ள வேண்டும். பச்சை மாவை அப்படியே பயன்படுத்தக் கூடாது. சூடும் நீரும் சேர்ந்து மாமணிகளை ஊதி உடைத்தால்தான் நொதியம் உள்ளே இலகுவாக நுழையும். நாம் அரிசியை வேகவைத்து உண்பதன் பயனும் பெருமளவு இதுதான். கஞ்சி தடிப்பாக இருந்தாலும் காரியம் கெடும். நான் முதன்முறை செய்தபோது, சோற்றுக் கஞ்சியையே எடுத்து முக்கால் மணித்தியாலம் காத்திருந்தும் கருநீலம் அசையவே இல்லை. அவ்வளவு மாப்பொருளுக்கு அந்தச் சிறிதளவு உமிழ்நீர் போதவில்லை. கஞ்சியை நன்றாக ஆறவிடுவதும் அவசியம். சூடான கஞ்சியில் அயடீன் நீல நிறம் காட்டாது. அதைப் பார்த்து மாப்பொருள் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது உமிழ்நீர். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி சுத்தமான நீரை ஒரு நிமிடம் வாயில் வைத்துச் சுழற்றி, குவளையில் துப்பினால் போதுமான அமைலேசு கிடைத்துவிடும். ஒவ்வொருவரும் தத்தம் உமிழ்நீரையே பயன்படுத்த வேண்டும். குவளைகளை மாற்றிக்கொள்ளக் கூடாது. வெற்றிலை போட்டவரின் உமிழ்நீர் வேண்டாம், நிறம் எதையும் பார்க்க விடாது. சேகரித்ததில் ஒரு பங்கை வேறாக்கி, கொதிக்கும் நீருக்குள் பத்து நிமிடம் வைத்து எடுத்து ஆறவிடுங்கள்.

இப்போது நான்கு குவளைகளிலும் ஒவ்வொரு மேசைக்கரண்டி கஞ்சி வார்த்து, முதலாவதில் உமிழ்நீரையும், இரண்டாவதில் வெறும் நீரையும், மூன்றாவதில் கொதிக்கவைத்த உமிழ்நீரையும் ஒவ்வொரு தேக்கரண்டி சேர்க்க வேண்டும். நான்காவதற்குரிய உமிழ்நீரை மட்டும் அதேயளவு வினாகிரியுடன் கலந்து ஐந்து நிமிடம் வைத்த பின்னர் கஞ்சியில் ஊற்றுங்கள். அமைலேசுக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். சோளகம் வீசும் மாதங்களில் வன்னியின் மத்தியான வெக்கையே அதற்கு அண்மையில் இருப்பதால் குவளைகளை மேசையில் வைத்தாலே போதும். மார்கழி மழைக்குளிரில் செய்வதாயின், குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு இளஞ்சூட்டு நீர் நிறைந்த சட்டியில் குவளைகளை நிறுத்துங்கள்.

தட்டில் அயடீன் துளிகளை வரிசையாக இட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குவளையிலிருந்தும் ஒரு துளியை எடுத்து அவற்றின்மேல் விட வேண்டும். அயடீனைக் குவளைக்குள் ஊற்றிவிட வேண்டாம். அது நொதியத்தின் வேலையையே குழப்பிவிடும். முதற்குவளையின் துளி கருநீலத்தில் தொடங்கி, ஊதாவாகி, பின் செம்பழுப்பாகி, இறுதியில் அயடீனின் சொந்த நிறத்திலேயே நிற்கும். மாப்பொருள் என்பது குளுக்கோசு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. அது சுருளாகச் சுற்றியிருக்க, அயடீன் அச்சுருளுக்குள் புகுந்திருப்பதாலேயே நீலம் தோன்றுகிறது. அமைலேசு சங்கிலியை வெட்ட வெட்டச் சுருள் குறுகி, நிறமும் படிப்படியாக மாறி, கடைசியில் மோற்றோசு போன்ற சிறு வெல்லங்களே எஞ்சுகின்றன. மற்ற மூன்று குவளைகளின் துளிகளும் கருநீலமாகவே நிற்கும்.

என்னைப் பொறுத்தவரை பாடம் இருப்பது அந்த மாறாத மூன்றில்தான். இரண்டாவது குவளை, கஞ்சி தானாக மாறவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறது. மூன்றாவதைப் பார்த்து ஒரு மாணவி, “சேர், கொதிக்க வைச்சதால துப்பல் செத்துப் போச்சா?” என்று கேட்டாள். நொதியம் உயிரில்லாத புரதமாகையால் சாவதில்லை. ஆனால் அவித்த முட்டை மீண்டும் பச்சை முட்டையாகாததுபோல, சூட்டினால் குலைந்த அதன் வடிவமும் திரும்புவதில்லை. வடிவம் குலைந்தால் மாப்பொருள் அதில் பொருந்தாது.

நான்காவது குவளைதான் இரைப்பை. அங்கே சுரக்கும் ஐதரோகுளோரிக்கமிலத்தால், அமிலத்தன்மை கூடக் குறையும் அளவான பீஎச் பெறுமானம் (நடுநிலையில் 7) 2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. நடுநிலைக்கு அண்மையில் தொழிற்படும் அமைலேசு அதைத் தாங்காது. அதே அமிலத்தில்தான் புரதத்தை உடைக்கும் பெப்சின் நன்றாக வேலை செய்கிறது. 1836 இல் தியோடர் சுவான் இரைப்பையிலிருந்து இனங்கண்ட நொதியம் இது. விழுங்கிய கவளத்தின் உட்பகுதிக்கு அமிலம் ஊறிச் செல்லச் சிறிது நேரம் எடுப்பதால், அதுவரை அங்கே அமைலேசின் வேலை தொடரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வினாகிரி இல்லையென்று தேசிக்காயைப் பிழிந்துவிடாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒருமுறை அப்படிச் செய்யப்போய், நான்காவது குவளையிலும் நீலம் காணாமற்போய், பிள்ளைகள் பாடப்புத்தகம் பிழை என்றே முடிவுகட்டிவிட்டார்கள். தேசிச்சாற்றிலுள்ள விற்றமின் சி அயடீனின் நிறத்தை நீக்கிவிடும் என்பது எனக்கு உறைக்க அன்று மாலையாகிவிட்டது.

நான்காவது குவளையைக் கழுவ முன்னர் இன்னுமொன்று செய்யுங்கள். அதில் அப்பச்சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, நுரைப்பது நின்றவுடன் நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சிய சோடாவும் அயடீன் நிறத்தைக் கெடுக்கும். ஒரு துளி எடுத்துச் சோதித்து, நீலம் இன்னும் தோன்றுகிறதென்று உறுதிசெய்த பின், புதிய உமிழ்நீர் ஒரு தேக்கரண்டி சேர்த்து மீண்டும் நிமிடக் கணக்கில் பாருங்கள். நீலம் மங்கத் தொடங்கும். இரைப்பையிலிருந்து முன்சிறுகுடலுக்கு வந்து சேரும் புளித்த கூழை, சதையி (கணையம்) சுரக்கும், அப்பச்சோடாவிலும் உள்ள இருகாபனேற்று நடுநிலையாக்க, அதே சதையியிலிருந்து வரும் புதிய அமைலேசு, வாயில் அரைகுறையாக விடப்பட்ட மாப்பொருளை எடுத்து வெட்டுகிறது. அந்தக் கட்டமே இப்போது உங்கள் குவளையில் நடந்துகொண்டிருக்கிறது.