மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்கப் போகிறீர்களா?

சென்னையில் மொட்டை மாடியிலிருந்து நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள் போனில் ஸ்டெல்லேரியம், ஸ்கை மேப் என்ற வானம் காட்டும் செயலிகள் இரண்டில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். திறந்ததும் முதல் வேலையாகத் திரையைச் சிவப்பாக்கும் இரவு வசதியைப் போட்டுவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும், வெள்ளைத் திரையை ஒரு தடவை பார்த்தாலே அவ்வளவும் போச்சு.

அப்புறம் போனில் உள்ள திசைகாட்டி. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணி, காந்தம் வைத்த போன் உறை எல்லாம் அதைக் குழப்பிவிடும், அதனால் ஏணியை விட்டுத் தள்ளி நின்று, உறையைக் கழற்றி, போனைக் காற்றில் 8 போடுவதுபோல நாலைந்து முறை சுழற்றுங்கள். நிலா இருந்தால், செயலி காட்டும் இடத்தில்தான் அது இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 9 மணிவாக்கில் தெற்கே திரும்புங்கள். நல்ல உயரத்தில் பளிச்சென்று சிரியஸ், அதற்கு ஏறக்குறைய நேர் கீழே கானோபஸ், நம்முடைய அகத்திய நட்சத்திரம். சென்னையில் அடிவானத்திலிருந்து சுமார் 24 பாகை உயரம் வரும், தெருவிளக்கு வெளிச்சத்திலும் தெரியும். லண்டனில் இருப்பவர்களுக்கோ அது கண்ணில் படவே படாது. செயலியில் இடத்தைப் பிடித்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள், அவ்வளவு அழகு!