காட்டு நெல்லை அழியாம காப்பாத்துறது எப்படி

குளத்து ஓரத்துல, வாய்க்கால் கரையில புல்லோட புல்லா நிக்கிற காட்டு நெல்லை களைன்னு நெனச்சு எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு அதைப் பாக்கும்போதெல்லாம் மனசு அடிச்சுக்கும். 1970கள்ல புகையான் பூச்சி பரப்புற ஒரு வைரஸ், நெல்லுப் பயிரை குட்டையாக்கி புல்லு மாதிரி ஆக்கிட்டு இருந்துச்சு. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல 6000க்கும் மேல சாம்பிள் சோதிச்சுப் பாத்தாங்க, நல்ல எதிர்ப்பு கிடைச்சது உத்தரப்பிரதேசத்துல எடுத்த ஒரைசா நிவாரா காட்டு நெல்லோட ஒரே ஒரு சாம்பிள்ல. அந்த குணத்தை ஏத்தித்தான் 1976ல ஐஆர்36ங்கிற நெல் ரகம் வந்துச்சு. அந்த விதையை யாரும் எடுத்து வைக்கலன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல அனுமதி. நிலம் யாருதோ அவங்க கிட்டயும், வனத்துறை மாதிரி ஏதாவது அதிகாரம் இருந்தா அங்கயும் கேட்டுட்டுத்தான் விதையில கை வைக்கணும்.

அடுத்தது நேரம், இங்கதான் எல்லாருமே கோட்டை விடுவாங்க. வயல் நெல்லு மாதிரி கதிர் முழுசா பழுக்கட்டும்னு காத்திருக்கவே கூடாது. நான் முதல் தடவை அப்படித்தான் காத்திருந்து போனேன், வெறும் காம்புதான் நின்னுச்சு, மணி எல்லாம் சேத்துல. கதிர் நுனியிலேர்ந்து கீழ்நோக்கி பழுக்கும், அதனால ஒரே கதிர்ல மேல மணி கொட்டிப்போய், நடுவுல பழுத்து, அடியில பச்சையா இருக்கும். பழுத்த மணியை விரலால தொட்டாலே கழண்டு உள்ளங்கையில விழும். அதோட நுனியில நீளமா ஒரு வால் இருக்கும், அடியிலேர்ந்து நுனிக்கு தடவினா வழுக்கும், திருப்பித் தடவினா சொரசொரன்னு பிடிக்கும். பூ முடிஞ்சு பால் பிடிச்சதுமே கதிருக்கு மெல்லிசு வலைத்துணிப் பை மாட்டிக் கட்டிடுங்க, கொட்டுறது பையில சேரும். பை இல்லன்னா நாலஞ்சு நாளுக்கு ஒரு தடவை போய்த்தான் ஆகணும்.

ஒரே செடியில அள்ளாதீங்க. முடிஞ்சா 50 செடியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா, கொஞ்சம் தள்ளித் தள்ளி எடுங்க, ஏன்னா பல வருஷம் நிக்கிற வகையில பக்கத்துப் பக்கத்து தூர் எல்லாம் ஒரே செடியா இருக்கலாம். பழுத்த விதையில 20 சதவீதத்துக்கு மேல வேண்டாம், அஞ்சு தடவை போனா அஞ்சையும் சேத்துத்தான் அந்தக் கணக்கு. வயலை ஒட்டி நிக்கிற செடிய விட்டுடுங்க, அது பயிர் நெல்லோட கலந்திருக்கும், வால் குட்டையா, மணி கொட்டாம, தடிச்சு இருந்தா சந்தேகப்படுங்க.

பையில தேதி, ஜிபிஎஸ் இடம், தண்ணி எவ்வளவு ஆழம், மண்ணு எப்படி, பக்கத்துல என்ன பயிர், எத்தனை செடியில எடுத்தீங்க, எல்லாத்தையும் அங்கயே நின்னு பென்சில்ல எழுதுங்க. இடம் தெரியாத விதை பாதி விதைதான்.

பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, விதை மூச்சு விட்டு வேர்த்து பூஞ்சணம் பிடிச்சிடும், காகிதப் பையோ துணிப் பையோ போதும். வெயில்ல போட்டு காய வைக்க வேண்டாம், நிழல்ல காத்தோட்டமா உலர்த்திட்டு, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில்ல விதையோட எடைக்கு சமமா, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, ஜெல் நிறம் மாறினா மாத்துங்க. ஈரம் 1 சதவீதம் குறைஞ்சா விதையோட ஆயுசு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு ஒரு கணக்கு இருக்கு, அதனால குளிர்ல வைக்கிறதை விட நல்லா காய வைக்கிறதுதான் முக்கியம். காஞ்சதுக்கு அப்புறம் ஃப்ரீசர், விதை வங்கியில மைனஸ் 18 டிகிரியில வைப்பாங்க. வெளிய எடுத்ததும் பாட்டிலைத் திறக்காதீங்க, அறைச் சூடு வந்தப்புறம் திறங்க, இல்லன்னா விதை மேல தண்ணி கோத்துக்கும். பாதி விதையை ஒரு விதை வங்கிக்கு கொடுத்துடுங்க, எல்லாம் ஒரே இடத்துல இருக்க வேண்டாம்.

முளைப்புச் சோதனையில புது விதை முளைக்கலன்னா செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க, அது உறக்கத்துல இருக்கும். சோதனைக்கு எடுத்த மணியோட உமிய மட்டும் பதமா உரிச்சுட்டு ஈரக் காகிதத்துல வைங்க, இல்ல 50 டிகிரி சூட்டுல அஞ்சாறு நாள் வச்சுட்டுப் பாருங்க.

இவ்வளவு பண்ணாலும் குளம் போச்சுன்னா பாட்டில்ல இருக்கிறது அன்னிக்கு எடுத்த நெல்லுதான், புது நோயோட பழகி மாறிக்கிட்டே வர்றது குளத்துல நிக்கிறதுதான். அதனால அந்த இடத்துக்காரங்க கிட்ட பேசுங்க: தூர் வாரும்போது ஒரு ஓரத்தை விட்டு வைங்க, களைக்கொல்லித் தண்ணிய அங்க வடிய விடாதீங்க, மணி கொட்டினப்புறம் மாட்டை மேய விடுங்கன்னு. ஒரு குளத்து விதைய இன்னொரு குளத்துல போட்டு கலக்காதீங்க. நெல்லு வயல் பக்கத்துல விதைக்கவே விதைக்காதீங்க, மணி கொட்டி மண்ணுல உறங்கிக் கெடந்து வருஷா வருஷம் முளைக்கும், அந்த வயல்காரரால சமாளிக்க முடியாது.