களிமண்ணில் கொட்டகைத் தளம்

1885இல் கட்டிய மணிக்கூண்டே சாய்ந்து நிற்கும் மலேசியாவின் தெலுக் இந்தானில், மண்ணை நம்பச் சொல்ல நான் ஆளில்லை. மோட்டார் சைக்கிள் கொட்டகைக்குத் தளம் போட, முதலில் தோண்டிப் பாருங்கள். மட்கிய வேர் நிறைந்த கறுப்புச் சதுப்பு மண்ணென்றால், மண்ணை உறுதியாக்கக் கலக்கும் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சாம்பல் நிறக் களிமண்ணா? உலர்ந்த எடையில் 100 கிலோவுக்கு 5 கிலோ நீற்றிய சுண்ணாம்பு கலந்து, ஈரத்தோடு ஒரு நாள் மூடி வையுங்கள். கையுறை கட்டாயம். பிறகு செம்பனை வெறுங்குலை (பழம் உதிர்த்த பின் மிஞ்சும் குலை) நாரை, எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரில் அலசி உலர்த்தி, 3 சென்டிமீட்டராக நறுக்கி, அதே 100 கிலோவுக்கு அரைக் கிலோ மட்டும் தூவிப் பிசறுங்கள். எங்கள் தோட்டத்து இளைஞர்கள் அளவில்லாமல் அள்ளிப் போடுவார்கள், அது தவறு. நார் திரண்டால் மண் இறுகாது. 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக இடித்து, ஏழு நாள் ஈரச் சாக்கு போர்த்துங்கள். நார் நாளடைவில் மட்கும். மோட்டார் சைக்கிள் கொட்டகைக்கு இது போதும். வீட்டு அஸ்திவாரத்துக்கு வேண்டவே வேண்டாம்.