பூட்டுத்திரை விளம்பரமும் ஒரு வயரும்

மூன்று வாரங்களாக என் அண்ட்ராய்டு கைப்பேசியின் பூட்டுத்திரை, ஒளிரும்போதெல்லாம் நான் கேட்காத படங்களையும் விளம்பரங்களையும் காட்டிக்கொண்டிருந்தது. அமைப்புகளில் அணைத்தால் அடுத்த புதுப்பிப்புடன் திரும்பி வந்தது. அவற்றைக் காட்டும் செயலியை முடக்கும் பொத்தானோ சாம்பல் நிறத்தில், அழுத்த முடியாமல் கிடந்தது. வெள்ளவத்தையில் பழுதுபார்ப்பவர் ஒருவர் தொழிற்சாலை நிலைக்கு மீட்டுத் தந்தார். நான் எடுத்த படங்களை இழந்ததுதான் மிச்சம்.

கடைசியில் அமைப்புகளில் உள்ள 'பில்ட் நம்பர்' வரியை 7 முறை தட்டி, அதனால் திறக்கும் டெவலப்பர் தெரிவுகளில் யூ.எஸ்.பி. டிபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏ.டி.பி. கருவி வழியாக அச்செயலியை அகற்ற முயன்றேன். கைப்பேசிக்கு மின்னேறியது, ஆனால் கணினிக்கு அது தென்படவேயில்லை. கைப்பேசியைக் கணினி அடையாளம் காண உதவும் டிரைவர் மென்பொருள்களை மாற்றி மாற்றி நிறுவியதில் இரண்டு நாள் வீணான பிறகே, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய வயரைச் சந்தேகித்தேன். வேறொன்றைச் செருகியதும் அனுமதி கேட்கும் சாளரம் தோன்றியது. பழையதை வெட்டிப் பார்த்தபோது மின்சாரத்துக்கான சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருந்தன; தரவுக்கான பச்சையும் வெள்ளையும் இல்லை.

கைப்பேசியின் முதன்மைப் பயனரான 'பயனர் 0' கணக்கிலிருந்து மட்டும் அச்செயலியை அகற்றும் கட்டளை ஒரே நொடியில் 'சக்சஸ்' என்றது. மூலப்பிரதி சிஸ்டம் பகுதியிலேயே தங்கியிருப்பதால், மறுபடி தொழிற்சாலை நிலைக்கு மீட்டால் அது திரும்பிவிடும். ஆகவே அந்தக் கட்டளையை எழுதி வைத்திருக்கிறேன்.